கிரேசி அக்கா சீட்டுப் பிடித்த கதை

எங்கள் கிரேசி அக்கா தன் வாழ்நாளில் எத்தனை சீட்டுக்கட்டுகளை அடுப்பில் வைத்து எரித்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. அத்தான் வாங்கி வருவார். தலையணை உறைக்குள்ளும், அரிசிப் பானைக்குப் பின்னாலும், மடக்கிய குடைக்குள்ளும் ஒளித்து வைப்பார். அக்கா எப்படியோ மோப்பம் பிடித்து எடுத்து, மீன்கறி கொதிக்கிற அடுப்பில் விறகோடு விறகாகத் தள்ளிவிடுவாள்.

"இண்ணைக்குக் கறி ருசியா இருக்குல்லா? இருக்கத்தான் செய்யும். ஒங்களுக்க நாலு ராசாவும் அந்தத் தீயிலதான் வெந்தானுவ" என்று பரிமாறும்போது சொல்வாள்.

அத்தான் எழுந்து நின்று திட்டுவார். அவள் அகப்பையும் கையுமாகத் திருப்பித் திட்டுவாள். அடுத்த வீட்டிலிருக்கிற எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். நாற்பது வருஷமாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் மத்தியானச் சோறு சாப்பிட்டு வந்தேன்.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முன்னூறு பிள்ளைகளுக்குக் கணக்காக முட்டை அவித்த கை; ஒரு முட்டை குறைந்தாலும் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவாள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர் வேறு. ஆள் குள்ளம், குரல் நெட்டை. அத்தான் தங்கையன் திங்கள்நகரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அவருடைய அண்டாவும் உருளியும் போகாமல் எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் பெண்டாட்டியை ஒரு வார்த்தை பாராட்ட வேண்டுமென்றால் வாய் பூட்டிக்கொள்ளும். எவனோ ஆக்கிய கல்யாணச் சாம்பாரைக்கூட "கொள்ளாம்" என்று நாலு பேர் கேட்க மெச்சுவார். அக்காவின் சாளை மீன்கறியைத் தட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு 'கொள்ளாம்' சொல்லாமல் கை கழுவப் போய்விடுவார். அதற்கும் சண்டை நடக்கும்.

அத்தானுக்கு இருந்த ஒரே பழக்கம் இருபத்தெட்டு. இருபத்தெட்டு என்றால் சீட்டாட்டம். எங்கள் பக்கத்திலும் மலையாளக் கரையிலும் இது தெரியாத ஆண்பிள்ளை குறைவு. நாலு பேர் வேண்டும். எதிரெதிரே இருக்கிறவர்கள் ஒரு கட்சி. எத்தனை புள்ளி பிடிப்போம் என்று முதலில் கேட்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரு மதிப்பும் கிடையாது, வெறும் ஆள். நாங்கள் குலான் என்று சொல்கிற ஜாக்கிதான் எல்லாருக்கும் பெரியவன். காசு வைத்து ஆடுவதில்லை. தோற்ற கட்சி காதில் குணுக்கு போட வேண்டும், அவ்வளவுதான். தென்னை மூட்டில் உதிர்ந்து கிடக்கிற குரும்பையை ஈர்க்கிலில் குத்தி, வளைத்துக் காதில் தொங்கவிட்டால் அதுதான் குணுக்கு. அடுத்த ஆட்டம் ஜெயிக்கிறவரை கழற்றக் கூடாது.

அத்தானும், கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்த ராஜமணியும் ஒரு கட்சி. நானும் ஆட்டோ ஓட்டுகிற ஜேசுதாஸும் எதிர்க்கட்சி. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சில்லறை இல்லாதவனிடம் கத்திக் கத்தியே பழகிய வாய் எனக்கு. கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆடுவோம். அத்தான் காதில் குரும்பையோடு போய், வாடகைக்கு வந்தவரிடம் அண்டா எடுத்துக் கொடுத்த நாட்களும் உண்டு.

போன வருஷம் ஈஸ்டர் கழிந்த வாரத்தில், ஒரு கல்யாண வீட்டுக்காக உருளியைத் தூக்கப் போனவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஸ்ட்ரோக். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதிலுக்கு 'ம்', 'ஹா' இரண்டுதான் வரும்.

"வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்கு, வெளிய வர்ற வழிதான் அடைஞ்சு கிடக்கு. அவருக்கு ஆசையா ஏதாவது செய்யக் குடுங்க, பைய வரும்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். ஹார்லிக்ஸ், ரொட்டி, ஆரஞ்சு. வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சேர்ந்த சேர்ச்சிக்கு அக்கா ஒரு கடையே போட்டிருக்கலாம். சொந்தக்காரர்கள் உதவவில்லை என்று நான் சொல்லமாட்டேன். குளிப்பாட்டத் தூக்கிப் பிடிக்க ஆள் வந்தது, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்தது, தோப்பில் காய் வெட்டினவன் நாங்கள் சொல்லாமலே இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். எங்கள் ஊர் அந்த விஷயத்தில் மோசமில்லை. வாய்தான் மோசம். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "எங்க மாமாவுக்கும் இதேதான். நாலு மாசம் கிடந்தாரு, பின்ன போய்ட்டாரு" என்பார்கள். "எப்பிடி நடந்த மனுசன்!" என்று செத்தவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி உச்சுக்கொட்டுவார்கள். அவருக்குக் காது கேளாது என்று யார் சொன்னார்களோ, "என்னைத் தெரியுதா?" என்று தெருவே கேட்கக் கத்துவார்கள்.

அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார். சோறு கொடுத்தால் வாய் திறப்பார். பயிற்சி செய்ய வைக்கிறவர் வந்தால் கையைத் தளரவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒன்றிலும் அவருக்கு இஷ்டமில்லை.

அக்கா ஒரு சட்டம் போட்டாள். கட்டில் பக்கத்தில் நின்று சாவுக் கதை சொல்கிறவர்களுக்குச் சாயா கிடையாது. சொன்னதுபோலவே செய்தாள். எங்கள் சித்தப்பா ஒருவர் பாதிக் கதையில் இருக்கும்போது, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் குறைப்படுகிறார்.

ஆனால் அவள் உள்ளுக்குள் உடைந்துதான் போயிருந்தாள். ஒரு நாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்:

"லேய், வீட்டுக்குள்ள சத்தமே இல்லலே. சங்கத்துல எல்லாரும் அவரு எழும்பி நடக்கணும்னு ஜெபிக்காவ. எனக்கு அவரு நடக்கண்டாம், ஓடண்டாம். என்னை ஒரு தடவை திட்டினாப் போதும். நான் அதுக்குத்தான் ஜெபிக்கேன்."



ராஜமணியும் ஜேசுதாஸும் அதுவரை பார்க்க வரவில்லை. அத்தான் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அக்கா மேல் பயம். சீட்டாட்டக் கூட்டாளிகள் என்று வாசலிலேயே வைத்து வாங்கிவிடுவாள் என்று பயந்தார்கள். நான்தான் ஒரு நாள் இழுத்துக்கொண்டு வந்தேன். ஆரஞ்சுப் பையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அத்தான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக் கிடந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவரின் கண் ராஜமணியின் முகத்தில் நிற்கவில்லை. சட்டைப் பையில் போய் நின்றது. பையில் சதுரமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அத்தான் இடது கையைத் தூக்கி அதைக் காட்டினார். "ஹா" என்றார்.

ராஜமணிக்கு வியர்த்துவிட்டது. பையைக் கையால் பொத்திக்கொண்டு, "கிரேசியக்கா, இது மருந்துப் பெட்டியாக்கும்" என்றார். அக்கா ராஜமணியைப் பார்க்கவே இல்லை, அத்தானின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் என் வாசலில் வந்து நின்றாள்.

"மக்கா, திங்கள்நகர் போறியா? போனா ஒரு சீட்டுக்கட்டு வேங்கிட்டு வா."

"எரிக்கதுக்கு நம்ம காசு குடுத்து வேங்கணுமாக்கா?"

"எரிக்கதுக்கு இல்லலே. வெளையாடதுக்கு. நாலு மணிக்கு அவனுவ ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. பின்வாசல் வழியா வரணும். ஞாயித்துக்கிழமை கிடையாது. கெட்ட வார்த்தை கிடையாது. வெளிய மூச்சு விட்டீங்கன்னா ஒங்க மூணு பேரையும் அடுப்புல வச்சிருவேன்."

அன்று நாலு மணிக்கு முன்வாசல் கதவு சாத்தப்பட்டது, ஜன்னல் திரை இழுக்கப்பட்டது. வசனம் அச்சடித்த காலண்டருக்குக் கீழே அத்தானைத் தலையணை அண்டக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். சீட்டைப் போட்டதும்தான் விஷயம் உறைத்தது. அத்தானால் சீட்டைப் பிடிக்க முடியாது. வலது கை தூங்குகிறது. இடது கையால் பிடித்தால் எடுத்துப் போட வேறு கை இல்லை. எங்களில் ஒருவர் பிடித்தால் அவர் சீட்டு எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் மூன்று பேரும் அக்காவைப் பார்த்தோம். அவள் மேலே காலண்டரைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அத்தான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பிடிக்கேன். ஆனா பாக்கமாட்டேன்" என்றாள்.

பாட்டுப் புத்தகத்தைப் பிடிப்பதுபோலச் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தான் இடது கை விரலால் ஒரு சீட்டைத் தட்டினார். அவள் பார்க்காமலே அதை உருவிப் போட்டாள். அத்தானின் கண்ணில் பல மாதமாக இல்லாத வெளிச்சம். அன்று நானும் ஜேசுதாஸும் தோற்றோம். மனசறிந்து தோற்கவில்லை, உண்மையாகவே தோற்றோம். ஜேசுதாஸின் பெரிய மீசைக்கு இரண்டு பக்கமும் குரும்பை ஆடியதைப் பார்த்து அத்தான் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் அது பழைய சிரிப்புதான். அக்கா அடுக்களைக்குள் போய்விட்டாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

பிறகு நாள்தோறும் நாலு மணிதான். மகனுக்கு மஸ்கட்டில் வேலை. மகள் ஜெஸ்மி மார்த்தாண்டத்தில் நர்ஸ். சனிக்கிழமைதோறும் வருவாள். முதல் சனிக்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்தவள், அம்மாவின் கையில் சீட்டைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமா என்று வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அவளே இன்னொரு ஏற்பாடு செய்தாள். சீட்டை அம்மா போடக் கூடாது. அப்பாவின் வலது கை விரலுக்குக் கீழே வைக்க வேண்டும், அப்பா தள்ள வேண்டும். பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவரிடம் கண்ணை மூடிக்கொள்கிற மனுஷர், சீட்டைத் தள்ள வியர்க்க வியர்க்கப் பாடுபட்டார். மழைக்காலம் முடிவதற்குள் விரல் மடங்கி நிமிர ஆரம்பித்தது.

எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முதலில் விரல் காட்டினார். அப்புறம் ஒரு நாள் உதட்டைக் குவித்து, கண்ணை இறுக்கி, "பய்... னாறு" என்றார். பதினாறு! ராஜமணி எழுந்து நின்று கைதட்டினார். கொஞ்ச நாளில் "பாஸ்" வந்தது, "துருப்பு" வந்தது, "குலான்" தெளிவாக வந்தது. சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. சங்கத்துப் பெண்கள், "கிரேசியக்கா வீட்டுல தினம் நாலு மணிக்கு ஜெபக்கூட்டம் நடக்கு, என்ன ஒரு ஆவிக்குரிய சந்தோஷம்!" என்று பேசிக்கொண்டார்கள். அக்கா மறுக்கவுமில்லை, ஆமாம் என்று சொல்லவுமில்லை.

எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அக்காவுக்குத்தான் ஒரு குறை. ஆட்டத்துக்கு வந்த வார்த்தை அவளுக்கு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "ம்" என்று டம்ளரைக் காட்டுவார். அவள் வேண்டுமென்றே கறியில் உப்பைக் கூட்டிப் பார்த்தாள். அவருடைய பழைய சட்டையைக் கிழித்துத் தரை துடைத்தாள். அத்தான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாலே, பதினாறும் பதினேழும் சொல்ல வாய் இருக்கு. எனக்குத் தர ஒரு சொல்லு இல்ல" என்று என்னிடம் கண் கலங்கினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. ஆட்டம் முற்றியிருந்த நேரம். அத்தான் தைரியமாகப் பதினெட்டு கேட்டுவிட்டு ஏறக்குறையப் பிடித்தும்விட்டார். கையில் இரண்டே சீட்டு மிச்சம். ஒன்று ராஜா, இன்னொன்று குலான், இரண்டும் ஒரே இனம். நடக்கிற சுற்றை ஜேசுதாஸ் துருப்பால் வெட்டிவிட்டான், அது எங்களுக்குத்தான். அதில் அத்தான் ஒன்றைப் போட்டாக வேண்டும். ராஜாவைத் தள்ளிவிட்டால் நஷ்டமில்லை. ஜேசுதாஸிடம் மிச்சமிருந்ததும் அதே இனம்தான்; குலானை வைத்துக் கடைசிச் சுற்றைப் பிடித்து ஜெயித்துவிடலாம்.

அந்தச் சமயத்தில் முன்வாசலில் தட்டுகிற சத்தம்.

"கிரேசியம்மா! வீட்டுல இருக்கீங்களா?" போதகர். கூடவே சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரின் குரல்.

எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஜெஸ்மி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், உள்ளே ஆட்டம் முடிந்திருக்கும் என்று நினைத்துப் பக்கவாட்டாகச் சுற்றிப்போய், "வாங்க வாங்க" என்று முன்கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. அக்காவுக்குப் பதற்றமும் வெப்ராளமும். ஆட்டத்தைச் சட்டென்று முடித்து எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சீட்டைப் பார்த்தாள். அத்தானின் விரல் ராஜாவைத் தட்டியது. ராஜாவைப் போய் யாராவது விட்டுக்கொடுப்பார்களா? கிரீடமும் தாடியுமாக இருக்கிறவரைப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பையனை உருவி எங்கள் முன்னால் வீசினாள்.

குலான்.

அத்தான் நாற்காலியில் நிமிர்ந்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"குலானத் தூக்கிப் போட்டியேட்டி... சவமே! ராசாவ வச்சிட்டு என்னத்துக்குட்டி... சவமே!"

வீடே அதிர்ந்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்த போதகர் அப்படியே நின்றார்.

அக்கா கையிலிருந்த ராஜா கீழே விழுந்தார். அவள் அத்தானைப் பார்த்தாள். "இப்ப என்ன சொன்னீங்க? யாரச் சொன்னீங்க?"

அத்தானுக்கே தன் சத்தத்தைக் கேட்டுத் திகைப்பு. வாயைத் திறந்து மூடினார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிற மாதிரி, "ஒன்னத்தாண்டி... சவமே" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், அழுகிறாள், எது என்று பிரிக்க முடியவில்லை. "போதகரையா, கேட்டீங்களா? ஜெஸ்மிக்க அப்பா என்னைத் திட்டிட்டாரு! சவம்னு சொல்லிட்டாரு! ஏட்டி ஜெஸ்மி, ஒனக்க அண்ணனுக்கு மஸ்கட்டுக்கு போன் பண்ணுட்டி, அப்பா என்னைத் திட்டினாருன்னு சொல்லு!"

ஜெஸ்மி துணிமூட்டையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ராஜமணி கண்ணைத் துடைத்தார். ஜேசுதாஸ் அந்தக் கூத்திலும் சீட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தான். எல்லாம் சிதறி, இரண்டு சீட்டு போதகரின் காலடியில் போய் விழுந்தன. சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஒளிக்கிற ஜாதி இல்லை.

"சீட்டுதான் போதகரையா. இத்தன நாளும் இஞ்ச நடந்தது ஜெபக்கூட்டம் இல்ல. சீட்டப் பிடிச்சது நான்தான். சங்கத்துப் பொறுப்ப வேற யாருக்காவது குடுத்திருங்க. ஆனா நாளைக்கழிஞ்சு நாலு மணிக்கும் நான் பிடிப்பேன்."

போதகர் குனிந்து அந்த இரண்டு சீட்டையும் எடுத்தார். தூசியைத் தட்டி மேஜையில் வைத்தார். அத்தானின் பக்கத்தில் போய் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டார். சின்ன ஜெபம்தான். வார்த்தையைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்றார். எந்த வார்த்தை என்று விவரிக்கவில்லை. அத்தான் "ஆமென்" என்று எங்களுக்கெல்லாம் முந்திச் சொன்னார். சங்கத்துப் பொறுப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. மீட்டிங்குக்கு வடை சுடுவதிலிருந்து பாய் மடக்குவதுவரை உள்ள அந்த வேலையை அக்காவைத் தவிர யார் பார்ப்பார்கள்?

எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் ராஜமணி மெல்ல என் காதில், "தோத்தது நாங்கல்லா. குணுக்கு போடணுமே. போதகர் இருக்கச்சில எப்பிடி?" என்றார். அக்காவின் காதிலும் விழுந்துவிட்டது.

"தோத்தா தோத்ததுதான். கொண்டா இஞ்ச."

ஜன்னல் விளிம்பில் தயாராக இருந்த குரும்பைகளை அவளே எடுத்தாள். ராஜமணிக்கு ஒரு ஜோடி. அத்தான் தலையைச் சாய்த்துக் கொடுக்க, அவர் காதில் ஒரு ஜோடி. அடுத்து, போதகருக்கும் சங்கத்துப் பெண்களுக்கும் முன்னால், தன் காதிலும் இரண்டை மாட்டிக்கொண்டாள். தலையை ஆட்டி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். பச்சைக் குரும்பை இரண்டும் கன்னத்தில் தட்டின.

"நான் சாயா போடுதேன்" என்று திரும்பினாள்.

பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது. அவசரமில்லாத குரல்.

"ஏட்டி."

அக்கா நின்றாள். இன்னொரு திட்டு வரப்போகிறது என்று முகமெல்லாம் ஆசையோடுதான் திரும்பினாள். அத்தான் அவள் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கூட்டிச் சேர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கொள்ளாம்" என்றார்.

திட்டுக்கு நாற்பது வருஷமாகப் பதில் வைத்திருந்தவள் விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனாள். வெகுநேரம் கழித்துச் சாயா வந்தது. யாருக்கும் சர்க்கரை போட்டிருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்று குடித்தோம். போதகர் புறப்பட்டதும் ஆடிய அடுத்த ஆட்டத்தில் அத்தானின் கட்சி ஜெயித்த பிறகும் அக்கா அந்தக் குணுக்கைக் கழற்றவில்லை. மறுநாள் காலையில் ஆராதனைக்குப் புறப்படும்போதுதான் கழற்றினாள்.